ஈய வெள்ளை

இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும்
காப்பிச் சாக்குக்குள் ஒருவர்மேல் ஒருவர் சாயாமல்
இறங்கி வந்திருந்தது அந்தக் குடும்பம்.
ஐந்து ரோட்டில் எங்கள் ஸ்கேன் சென்டர்.
ஒன்பதே கால் மணிக்குக் கடைசி ஆள்,
பைக்கில் விழுந்த சூரமங்கலத்துப் பையன்,
நொண்டிக்கொண்டு போன பிறகு
ஜீப்பைப் பின்பக்கமாக விடச் சொன்னேன்.

எஸ்டேட் மேனேஜர் எர்னஸ்ட் வியர்த்திருந்தார்.
“அறுபத்தொன்றில் பங்களாவோடு வந்தது மேடம்.
குளியல் தொட்டி, பியானோ, இது.
இப்போது மூன்று மகன்களும் பாகம் பிரிக்கிறார்கள்.
அடியில் வேறு படம் இருந்தால் விலை ஏறுமாம்.”

பதிவேட்டில் பெயர்: குடும்பம்.
வயது: மூலையில் 1796 என்றிருந்ததைக் கழித்து
இருநூற்றுச் சொச்சம் என்று எழுதினேன்.
அனுப்பிய டாக்டர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

ஒரு துரை. பட்டன் தெறிக்கும் வயிறு,
கல்லீரல் வீங்கியிருக்கலாம்.
துரைசானிக்கு ஒரு தோள் விரற்கடை இறக்கம்:
முதுகெலும்பில் வளைவு, இல்லை
அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்மேல் பிரியமில்லை.
இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரே முகம்.
ஓவியன் வந்த அன்று ஒருத்திக்குக் காய்ச்சல் போல.
பின்னால் சேர்வராயன் மலை என்கிறார் எர்னஸ்ட்.
நான் தினமும் மாடியில் துணி உலர்த்தும்போது பார்க்கிற மலை
அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்காது.

ஓரத்தில், திரைச்சீலையின் நிழலோடு நிழலாக,
ஒரு பெண். இடுப்பில் அவர்கள் கைக்குழந்தை.
சட்டத்துப் பித்தளைத் தகட்டில்
துரைக்கு மூன்று பெயர், துரைசானிக்கு இரண்டு,
பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, நாய்க்கும் ஒன்று.
அதற்குமேல் தகட்டில் இடமில்லை.

கிடத்தினேன். ஆறு தட்டாக எடுத்து ஒட்ட வேண்டும்.
“மூச்சை அடக்குங்க” என்று வாய் தவறி வந்துவிட்டது.
முன்பே அடக்கித்தான் இருந்தார்கள்.

அந்தக் காலத்து வெள்ளையில் ஈயம் உண்டாம்,
எர்னஸ்ட் போனில் படித்துச் சொன்னார்.
ஈயம் இருந்த இடமெல்லாம் எலும்பாக எழுந்து நின்றது:
துரையின் கன்னம், கழுத்துப் பட்டி,
துரைசானியின் மார்பு, நாயின் நெற்றிச் சுட்டி.
குழந்தை மட்டும்
காற்றில் உட்கார்ந்திருந்தது.

கீழே இடுப்பு இல்லை. பிடித்த கை இல்லை.
அவளைச் செய்த கரி, காவி, சுட்ட மண்
எதுவும் கதிரைத் தடுக்கவில்லை.
மூக்குத்தி இருந்த உயரத்தில் ஒரு புள்ளி,
அதற்குச் சற்று மேலே, கண்ணின் வெண்மை, இரண்டு புள்ளி.
தூசியென்று துடைக்கப் போனேன்.

“அடியில் ஒன்றுமில்லையா மேடம்?”
“அடியில் ஒன்றுமில்லை.
மேலே இருக்கிறவள்தான் இல்லை.”

எட்டு வருடமாகக் கைக்குழந்தைகளைப் படம் எடுக்கிறேன்.
நெஞ்சுச் சளி, விழுங்கின ஒரு ரூபாய்க் காசு.
எத்தனை சொன்னாலும் ஓரத்தில்
அம்மாவின் விரல்கள் விழுந்துவிடும், மோதிரத்தோடு.
டாக்டர் தமயந்தி திட்டுவார். திரும்ப எடுப்போம்.
திரும்பவும் விழும்.

கதிரைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.
கடைசியில் அந்த மூலையை மட்டும்
பெண்களுக்கு மார்புப் படம் எடுக்கும் கருவியிடம் நகர்த்தினேன்.
எர்னஸ்ட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தையின் வெளுத்த தொடையில்
நான்கு கறுப்புக் கோடுகள்.
வெள்ளையை அங்கே பூசாமல் விட்டிருக்கிறான்,
விரல்களுக்காக.
இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.
குழந்தை வழுக்குகிறது போல,
அல்லது யாரோ வாங்கிக்கொள்ள வருகிறார்கள்.

பக்கம் குறிக்க எங்களிடம் ஈயத்தில் சின்ன எழுத்துகள் உண்டு.
மறந்திருந்தேன். அவள் இருந்த இருட்டில் ஒன்றை வைத்து
மறுபடி எடுத்தேன்.
பளிச்சென்று விழுந்தது: இடம்.

பில் ஏழு படத்துக்கு, பிறகு அந்த ஒன்று.
“இதனால் விலை ஏறுமா?” என்றார்.
ஈயக் கவசத்தைக் கழற்றாமலே
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.